காலமுறைச் சார்பின் சராசரி மதிப்பு: தொகையிடலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு காலமுறைச் சார்பின் சராசரி மதிப்பு என்றால் என்ன?

காலமுறைச் சார்பு என்பது ஒரே வடிவம் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் சார்பு. அதன் ஒரு முழுச் சுற்றுக்கு வரைகோட்டுக்கும் அச்சுக்கும் இடையே அடங்கும் பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கு மேலே இருப்பது கூட்டல், கீழே இருப்பது கழித்தல். அந்த நிகரப் பரப்பை அந்தச் சுற்றின் நீளத்தால் வகுத்தால் வருவதே சராசரி.

சராசரி = (ஒரு சுற்றுக்கான வரையறுத்த தொகையீடு) ÷ (அலைவு காலம்)

மாறி நேரமாக இல்லாமல் கோணமாக இருந்தாலும் 'அலைவு காலம்' என்ற சொல்லையே இங்கே பயன்படுத்துகிறோம். 3 + 4 சைன் θ என்ற சார்பைப் பாருங்கள். 0 முதல் 2π வரை தொகையிட்டால் 3-இன் பங்கு 6π, சைனின் பங்கு 0. 6π-யை 2π-ஆல் வகுத்தால் 3. அலை −1-க்கும் 7-க்கும் இடையே ஏறி இறங்கினாலும், 3 என்ற உயரத்தில் ஒரு படுக்கைக்கோடு போட்டால் அதற்கு மேலே துருத்துவதும் கீழே குழிவதும் சரிக்குச் சரியாக இருக்கும்.

சுற்றை எந்தப் புள்ளியில் தொடங்க வேண்டும்?

எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். தொடக்கத்தைச் சற்று வலப்புறம் நகர்த்தினால் இடது ஓரத்தில் ஒரு கீற்றுப் பரப்பு போகும், வலது ஓரத்தில் ஒரு கீற்று வந்து சேரும். இரண்டு ஓரங்களுக்கும் நடுவே சரியாக ஒரு அலைவு காலம் இருப்பதால் இரண்டு கீற்றுகளின் உயரமும் ஒன்றே. போனதும் வந்ததும் சமம்.

இந்தச் சுதந்திரத்தைக் கணக்கை எளிதாக்கப் பயன்படுத்துங்கள். துண்டு துண்டாக வரையறுத்த அலையில், துண்டுகளின் எண்ணிக்கை குறைவாக வரும் இடத்தில் தொடங்குங்கள். சமச்சீர் இருந்தால் −π முதல் π வரை எடுப்பது பெரும்பாலும் லாபம்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. '−π முதல் π வரை θ², பிறகு 2π-க்கு ஒரு முறை திரும்பும்' என்று கேள்வி கொடுத்திருக்கும். எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாமே என்று 0 முதல் 2π வரை θ²-ஐத் தொகையிட்டால் சராசரி 4π²/3 என்று வரும். சரியான விடை π²/3. நான்கு மடங்கு பிழை! π-யைத் தாண்டியதும் அந்தச் சார்பு θ² அல்ல, (θ − 2π)². நகர்த்தும் உரிமை அலைக்குத்தான் உண்டு, அதன் ஒரு துண்டுக்கு எழுதிய வாய்பாட்டுக்கு இல்லை. படம் வரைந்துவிட்டுத் தொடங்குபவர்கள் இந்தப் பிழையைச் செய்வதே இல்லை.

சைன் அலையின் சராசரி ஓரிடத்தில் 0, இன்னோரிடத்தில் 0.637, வேறோரிடத்தில் 0.318 என்று இருக்கிறதே. எது சரி?

மூன்றும் சரி. ஆனால் அவை மூன்று வெவ்வேறு சார்புகளின் சராசரிகள்.

முதலாவது, சைன் θ அப்படியே. 0 முதல் 2π வரை மேல் மேடும் கீழ்ப் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துவிடும். சராசரி 0.

இரண்டாவது, முழு அலைத் திருத்தியிலிருந்து (இரு திசை மின்னோட்டத்தை ஒரே திசையாக்கும் சுற்று) வரும் அலை, அதாவது சைன் θ-வின் மட்டு மதிப்பு. பள்ளங்கள் மேடுகளாகிவிட்டதால் அலைவு காலமும் π ஆகிவிட்டது. 0 முதல் π வரை தொகையீடு: [−கோசைன் θ] = −(−1) + 1 = 2. இதை π-ஆல் வகுத்தால் 2/π = 0.6366.

மூன்றாவது, அரை அலைத் திருத்தியின் அலை. 0 முதல் π வரை சைன், π முதல் 2π வரை சுழியம். பரப்பு அதே 2 தான். ஆனால் சுற்று 2π நீளம். ஆகவே 2/2π = 1/π = 0.3183.

மின்பொறியியல் நூல்களில் 'சைன் அலையின் சராசரி மதிப்பு 0.637 × உச்சம்' என்று எழுதியிருந்தால், அது அரைச் சுற்றுச் சராசரி என்று பொருள். அங்கே முழுச் சுற்றை எடுத்தால் 0 வந்து எதற்கும் பயன்படாது என்பதால் இந்த வழக்கம். மேலே உள்ள மூன்று கணக்கிலும் தொகையிடல் ஒரே வரிதான். தவறு நடப்பதெல்லாம் வகுக்கும் எண்ணில். முழு அலைக்கு 0 முதல் π வரை தொகையிட்டுவிட்டுப் பழக்கத்தில் 2π-ஆல் வகுப்பதுதான் விடைத்தாள்களில் மிகுதியாகக் காணும் பிழை.

கோணத்துக்குப் பதில் நேரம் கொடுத்திருந்தால் எப்படிச் செய்வது?

உச்சம் 10 வோல்ட், அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்று வைப்போம். நேரம் τ நொடியில். அலை: 10 சைன் 100πτ. அலைவு காலம் 1/50 = 0.02 நொடி. அரைச் சுற்று 0.01 நொடி.

100π என்ற கெழு உள்ளே இருப்பதால் தொகையீடு −(10/100π) கோசைன் 100πτ. எல்லைகள் 0, 0.01. மேல் எல்லையில் கோசைன் π = −1, கீழ் எல்லையில் கோசைன் 0 = 1. வித்தியாசம் (10/100π) × 2 = 0.06366. இதன் அலகு வோல்ட்-நொடி. 0.01 நொடியால் வகுத்தால் 6.366 வோல்ட்.

இங்கே இரண்டு பேர் இரண்டு விதமாகத் தடுமாறுவார்கள். ஒருவர் 1/100π-யை எழுத மறந்து 20 ÷ 0.01 = 2000 வோல்ட் என்பார். 10 வோல்ட் உச்சமுள்ள அலைக்கு 2000 சராசரி வராது என்பது பார்த்ததுமே தெரிய வேண்டும். இன்னொருவர் கோணத்தில் தொகையிட்டுவிட்டு நேரத்தால் வகுப்பார். மாறியை மாற்றினால் எல்லை, 'டி-தீட்டா', வகுக்கும் நீளம் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வேலையைக் குறைக்க வேண்டுமென்றால் முதலிலேயே θ = 100πτ என்று பிரதியிட்டுக் கோணத்துக்குப் போய்விடுங்கள். சராசரி அதிர்வெண்ணைச் சார்ந்தது அல்ல. 50 ஹெர்ட்ஸுக்கும் 60 ஹெர்ட்ஸுக்கும் விடை ஒன்றே.

டிகிரியில் செய்யக் கூடாதா?

எண்வழியில் செய்யலாம், கலக்கத்தான் கூடாது. சைனின் தொகையீடு −கோசைன் என்பது ரேடியனில் மட்டும் உண்மை. டிகிரியில் 0 முதல் 180 வரை பரப்பு 2 அல்ல, 2 × 180/π = 114.59. அதை 180-ஆல் வகுத்தால் அதே 0.6366 வரும். பரப்பு 2 என்று ரேடியனில் எடுத்துவிட்டு 180-ஆல் வகுப்பவருக்கு 0.0111 கிடைக்கும்.

அலைவு காலத்தை எப்படிச் சரியாகக் கண்டுபிடிப்பது?

சைன் κθ-வின் காலம் 2π/κ. இருபடி எடுத்தால் பாதியாகும்: சைன்² θ-வின் காலம் π. மட்டு மதிப்பு எடுத்தாலும் அப்படியே. சைன் 2θ + சைன் 3θ போன்ற கூட்டலில் π, 2π/3 ஆகிய இரண்டுக்கும் பொதுவான மிகச் சிறிய மடங்கு வேண்டும். அது 2π.

மிகச் சிறிய காலத்தைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதன் எந்த முழு மடங்கை எடுத்தாலும் பரப்பும் நீளமும் ஒரே மடங்கில் பெருகிச் சராசரி மாறாமல் நிற்கும். சந்தேகம் வந்தால் பெரிய மடங்கை எடுங்கள், கெட்டுப்போகாது.

சைன் θ + சைன் √2θ மட்டும் வேறு ரகம். √2 விகிதமுறா எண் என்பதால் பொது மடங்கே கிடையாது, கூட்டல் காலமுறைச் சார்பே அல்ல. இதற்கு 0 முதல் ஒரு நீளம் வரை சராசரி எடுத்து, நீளத்தை முடிவிலிக்குக் கொண்டுபோய் எல்லை காண வேண்டும். விடை 0.

எல்லாப் படியும் சரியாகச் செய்தும் சராசரி 0 என்று வருகிறது. சார்போ எப்போதும் நேர் மதிப்புடையது. எங்கே தவறு?

இந்த அறிகுறிக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும்.

எளிதானது: மட்டு மதிப்பைத் துண்டாக்காமல் தொகையிட்டது. சைன் θ-வின் மட்டு மதிப்பை 0 முதல் 2π வரை எடுக்கும்போது π-யில் உடைத்து, இரண்டாம் பாதிக்கு −சைன் θ என்று எழுத வேண்டும்.

மற்றது நுட்பமானது. 1/(2 + கோசைன் θ)-வின் சராசரியைக் கேட்டிருக்கிறார்கள் என்று வைப்போம். வழக்கமான பிரதியிடல் υ = டேன்(θ/2). எல்லையை மாற்றினால் θ = 0 எனில் υ = 0, θ = 2π எனில் υ = டேன் π = 0. கீழ் எல்லையும் மேல் எல்லையும் ஒன்று, ஆகவே தொகையீடு 0! ஆனால் இந்தச் சார்பு எங்குமே 1/3-க்குக் கீழே இறங்குவதில்லை, 1-க்கு மேலே ஏறுவதும் இல்லை. சராசரியும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும்.

நடந்தது என்னவென்றால், θ = π-யில் டேன்(θ/2) முடிவிலிக்குப் போய் மறுபக்கம் கழித்தல் முடிவிலியிலிருந்து திரும்புகிறது. இடைவெளியின் நடுவே பிரதியிடல் அறுந்துபோகிறது. அறுந்த இடத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் சிக்கல் தீரும். தொடக்கப் புள்ளி நம் விருப்பம் என்பதால் −π முதல் π வரை எடுக்கிறோம். தொகையீடு (2/√3) × டேன் நேர்மாறு(υ/√3). υ இப்போது −∞ முதல் ∞ வரை ஓடுகிறது, ஆகவே மதிப்பு (2/√3) × π. இதை 2π-ஆல் வகுத்தால் 1/√3 = 0.57735. 1/3-க்கும் 1-க்கும் இடையே, சரி.

கணினி இயற்கணித மென்பொருளில் தொகையீட்டின் வாய்பாட்டை மட்டும் வாங்கி, எல்லைகளை நீங்களே பிரதியிடும்போதும் இதே குழியில் விழலாம். வரும் விடை சார்பின் சிறும, பெரும மதிப்புகளுக்கு இடையே இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் பாதிப் பிழைகளைப் பிடித்துக்கொடுக்கும்.

தொகையிடாமலே சொல்லக்கூடிய அலைகள் உண்டா?

உண்டு. முடிவிலிக்குப் போகாத ஒற்றைப்படைச் சார்புக்கு (θ-வின் குறியை மாற்றினால் மதிப்பின் குறியும் மாறும் சார்பு) சராசரி 0. பின் அரைச் சுற்று முன் அரைச் சுற்றின் தலைகீழ்ப் பிரதியாக இருந்தாலும் 0. 0 முதல் உச்சம் வரை நேர்கோட்டில் ஏறும் ரம்பப் பல் அலைக்கு உச்சத்தில் பாதி. முக்கோண அலை ஒருபக்கம் சாய்ந்திருந்தாலும் அதே பாதிதான், ஏனென்றால் முக்கோணத்தின் பரப்பு முனை எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. சைன்² θ-வுக்கு 1/2, சைன்⁴ θ-வுக்கு 3/8. துடிப்பு அலைக்கு உச்சம் × ட்யூட்டி சைக்கிள் (சுற்றில் அலை உச்சத்தில் இருக்கும் பங்கு): 12 வோல்ட், 30 விழுக்காடு எனில் 3.6 வோல்ட்.

சராசரிக்கும் ஆர்எம்எஸ் மதிப்புக்கும் என்ன தொடர்பு?

ஆர்எம்எஸ்ஸும் ஒரு சராசரிதான். சார்பின் சராசரி அல்ல, அதன் இருபடியின் சராசரி, பிறகு அதற்கு வர்க்கமூலம். சைனுக்கு இருபடியின் சராசரி 1/2 என்பதால் ஆர்எம்எஸ் 1/√2 = 0.7071. மேலே சொன்ன 12 வோல்ட் துடிப்பு அலைக்குச் சராசரி 3.6, ஆர்எம்எஸ் 12 × √0.3 = 6.57 வோல்ட். விளக்கு, ஹீட்டர் எவ்வளவு சூடாகும் என்பதற்கு ஆர்எம்எஸ். மின்கலத்தில் எவ்வளவு மின்னூட்டம் ஏறும் என்பதற்குச் சராசரி.

இரண்டையும் குழப்புவதால் வரும் நடைமுறைச் சிக்கல் ஒன்று மல்டிமீட்டரில் இருக்கிறது. எளிய மீட்டர்கள் அலையைத் திருத்தி, அரைச் சுற்றுச் சராசரியை அளந்து, அதை 1.11-ஆல் பெருக்கி ஆர்எம்எஸ் என்று காட்டுகின்றன. 1.11 என்பது 0.7071 ÷ 0.6366, சைனுக்கு மட்டும் பொருந்தும் வடிவக் காரணி. சதுர அலையில் திருத்திய சராசரியும் ஆர்எம்எஸ்ஸும் ஒன்று என்பதால் அந்த மீட்டர் 11 விழுக்காடு கூட்டிக் காட்டும். முக்கோண அலையில் திருத்திய சராசரி 0.5, மீட்டர் காட்டுவது 0.555, உண்மை 1/√3 = 0.577. ஏறத்தாழ 4 விழுக்காடு குறைவு. மீட்டரில் 'ட்ரூ ஆர்எம்எஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மின்னழுத்தச் சராசரியையும் மின்னோட்டச் சராசரியையும் பெருக்கினால் திறன் கிடைக்குமா?

கிடைக்காது. பெருக்கலின் சராசரி வேறு, சராசரிகளின் பெருக்கல் வேறு. மின்னழுத்தம் சைன் θ, அதைவிட φ கோணம் பின்தங்கிய மின்னோட்டம் சைன்(θ − φ) என்று வைப்போம். சைன் θ × சைன்(θ − φ) = ½[கோசைன் φ − கோசைன்(2θ − φ)]. இரண்டாம் உறுப்பு ஒரு சுற்றில் சுழியமாகிவிடும், எஞ்சுவது ½ கோசைன் φ. தனித்தனிச் சராசரிகளோ இரண்டும் 0.

தைரிஸ்டர் திருத்தியில் எல்லைகளை எப்படி எடுப்பது?

தைரிஸ்டர் என்பது நாம் சைகை கொடுக்கும்போது மட்டும் திறந்து ஒரே திசையில் மின்னோட்டத்தை விடும் குறைகடத்திச் சாதனம். மின்தடைச் சுமை, அரை அலை என்று வைப்போம். தைரிஸ்டர் α கோணத்தில் திறந்து, மின்னோட்டம் சுழியமாகும் π-யில் மூடுகிறது. தொகையீடு α முதல் π வரை, வகுப்பது மட்டும் 2π-ஆல். [−கோசைன் θ] = 1 + கோசைன் α. சராசரி = உச்சம் × (1 + கோசைன் α)/2π. உச்சம் 325 வோல்ட், α = 60° எனில் 325 × 1.5 ÷ 6.283 = 77.6 வோல்ட்.

கோசைன் π = −1 என்பதில் குறி தவறி 1 − கோசைன் α என்று எழுதுவோர் உண்டு. α = 0 போட்டுப் பாருங்கள். தொடக்கத்திலேயே திறந்தால் மதிப்பு உச்சபட்சமாக இருக்க வேண்டும், சுழியமாக அல்ல.

முழு அலையில் மின்தடைச் சுமைக்கு இதன் இரு மடங்கு. ஆனால் சுமையில் பெரிய மின்தூண்டல் இருந்து மின்னோட்டம் அறுபடாமல் ஓடினால் எல்லைகளே மாறிவிடும். அப்போது தைரிஸ்டர் π-யில் மூடாது, அடுத்தது திறக்கும் π + α வரை நீடிக்கும். சராசரி (2/π) × உச்சம் × கோசைன் α. இங்கே 90°-ஐத் தாண்டினால் சராசரி எதிர்க்குறியாகும். எந்த வாய்பாடு என்று மனப்பாடம் செய்வதைவிட, சாதனம் எப்போது திறந்து எப்போது மூடுகிறது என்று வரைந்து எல்லைகளை எடுப்பது பாதுகாப்பு.

டயோடு மட்டும் உள்ள பலதுடிப்புத் திருத்திகளுக்கு ஒரே கணக்கு போதும். ஒரு சுற்றில் ν துடிப்புகள் என்றால் ஒவ்வொன்றும் கோசைனின் உச்சியில் −π/ν முதல் π/ν வரை உள்ள தொப்பி. தொகையீடு 2 சைன்(π/ν), நீளம் 2π/ν, சராசரி (ν/π) சைன்(π/ν). 2 துடிப்புக்கு 0.637, 3-க்கு 0.827, 6-க்கு 0.955. ஆறு துடிப்பில் இந்த 0.955 எந்த உச்சத்தைக் குறிக்கிறது என்பதில் கவனம்: அது கட்டங்களுக்கு (ஃபேஸ்களுக்கு) இடைப்பட்ட மின்னழுத்தத்தின் உச்சம்.

அளவீடு முழுச் சுற்றில் முடியாவிட்டால் எவ்வளவு பிழை வரும்?

எஞ்சும் துணுக்குச் சுற்றின் பரப்பு அளவுக்கு. சைனை 0-விலிருந்து 10.5 சுற்றுக்கு எடுத்தால் எஞ்சும் பரப்பு 2, நீளம் 65.97. சராசரி 0-வுக்குப் பதில் 0.030. நூறரைச் சுற்று எடுத்தால் பிழை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறையும். நீண்ட நேரம் அளப்பது உதவும், ஆனால் சுற்றின் விளிம்பில் சரியாக வெட்டுவது அதைவிட மலிவான வழி.

வாய்பாடு இல்லை, மாதிரி எண்கள் மட்டும் இருக்கின்றன. எந்த விதி நல்லது?

ஒரு முழுச் சுற்றில் சம இடைவெளியில் எடுத்த எண்கள் என்றால் சாதாரணக் கூட்டுச் சராசரியே போதும். அது சரிவக விதிதான் (அடுத்தடுத்த புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்துப் பரப்பு காண்பது), ஏனென்றால் காலமுறைச் சார்பில் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒன்று. சீரான காலமுறைச் சார்புகளுக்கு இது வியக்கத்தக்க அளவு துல்லியமானது.

1/(2 + கோசைன் θ)-விலேயே பார்க்கலாம். 90° இடைவெளியில் நான்கு புள்ளிகள்: 1/3, 1/2, 1, 1/2. சராசரி 0.58333. 45° இடைவெளியில் எட்டு புள்ளிகள்: 0.57738. உண்மை 0.57735. எட்டே எண்களில் நான்காவது தசமம் வரை வந்துவிட்டோம். 'மேலான' விதி என்று அதே எட்டு இடைவெளிகளுக்குச் சிம்ப்சன் விதியை (புள்ளிகளைப் பரவளையத்தால் இணைப்பது) போட்டால் 0.57540, அதாவது மோசம்! சிம்ப்சன் ஒன்றுவிட்டு ஒரு புள்ளிக்கு இரட்டிப்பு எடை கொடுக்கிறது. சுற்றில் எல்லாப் புள்ளியும் சமமாக இருக்கும்போது அந்தப் பாரபட்சம் கெடுதல்தான்.

0°-யையும் 360°-யையும் இரண்டு தனிப் புள்ளிகளாக எண்ணி ஒன்பதால் வகுத்துவிடாதீர்கள். மேலுள்ள கணக்கில் அது 0.550 தரும். எக்செல் பட்டியலில் கடைசி வரியைச் சேர்த்து இழுக்கும்போது இது சத்தமில்லாமல் நடக்கும்.

அலையில் திடீர்த் தாவல் இருந்தால் இந்தத் துல்லியம் போய்விடும். அங்கே துண்டு துண்டாகப் பிரித்துச் செய்யுங்கள்.

ஃபூரியர் தொடரின் ஏ₀ தானே சராசரி?

ஃபூரியர் தொடர் என்பது காலமுறைச் சார்பை ஒரு மாறிலியும் சைன், கோசைன் உறுப்புகளும் சேர்ந்த கூட்டலாக எழுதுவது. விடை அந்தத் தொடரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. முதல் உறுப்பு ஏ₀/2 என்று இருந்தால் சராசரி ஏ₀/2. ஏ₀ என்று மட்டும் இருந்தால் அதுவே சராசரி. இரண்டு வழக்கமும் புழக்கத்தில் உள்ளன, ஒரு நூலின் வாய்பாட்டையும் இன்னொரு நூலின் தொடரையும் கலந்தால் இரு மடங்கு பிழை.

டேன் θ-வின் சராசரி 0 என்று சொல்லலாமா?

கூடாது. ஒரு சுற்றுக்குள் அது முடிவிலிக்குப் போகிறது, தொகையீடு குவிவதில்லை. இரு பக்கமும் சமமாக வெட்டினால் 0 வருவது உண்மை. வேறு விதமாக வெட்டினால் வேறு எண் வரும்.

வகையீட்டின் சராசரி எப்போதும் 0 என்கிறார்களே, அதனால் என்ன பயன்?

தொடர்ச்சியான காலமுறைச் சார்பின் வகையீட்டை ஒரு சுற்றுக்குத் தொகையிட்டால் 'கடைசி மதிப்பு − முதல் மதிப்பு' தான் வரும். இரண்டும் ஒன்று, ஆகவே 0. மின்தூண்டியின் மின்னழுத்தம் மின்னோட்டத்தின் வகையீட்டுக்கு நேர்விகிதம். எனவே நிலைபெற்ற இயக்கத்தில் அதன் சராசரி மின்னழுத்தம் 0.

மின்னழுத்தத்தைக் குறைக்கும் பக் மாற்றியின் சமன்பாடு இதிலிருந்து இரண்டே வரியில் வருகிறது. சுற்றின் δ பங்கு நேரம் சுவிட்ச் மூடியிருக்கும், அப்போது மின்தூண்டியின் குறுக்கே 'உள்ளீடு − வெளியீடு'. மீதி 1 − δ பங்கில் '−வெளியீடு'. சராசரி 0 எனில் δ × (உள்ளீடு − வெளியீடு) = (1 − δ) × வெளியீடு, அதாவது வெளியீடு = δ × உள்ளீடு. 24 வோல்ட், δ = 0.5 எனில் 12 வோல்ட். மின்தூண்டியின் மின்னோட்டம் ஒவ்வொரு சுற்றிலும் சுழியத்தைத் தொட்டு நின்றுவிட்டால் மூன்றாவதாக ஒரு துண்டு நுழையும். அந்த நிலையில் இந்தச் சமன்பாடு பொருந்தாது, வெளியீடு கூடுதலாக இருக்கும்.